40 ரிங்கிட் எண்ணெய்க்கு 200 ரிங்கிட் ஏன் போனது?

மாதக் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பெட்ரோல் நிலையத்தில் பம்பிலேயே டெபிட் கார்டைச் செருகி 40 ரிங்கிட்டுக்கு எண்ணெய் அடித்தேன். கைப்பேசியைப் பார்த்தால் 200 ரிங்கிட் குறைந்திருந்தது! பகீரென்றது.

திருட்டு இல்லை. நாம் எவ்வளவு அடிப்போம் என்று பம்புக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் 200 ரிங்கிட்டை வங்கியில் முதலில் பிடித்து வைத்துவிடும். அடித்த தொகை போக மீதி திரும்பிவிடும். ஆனால் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டு என்றால் வரம்புதான் கொஞ்ச நாள் சுருங்கும். டெபிட்டில் முடங்குவது நம் சொந்தச் சம்பளம். ஆகவே டெபிட் கார்டுக்காரர்கள் உள்ளே கவுண்டருக்குப் போய், “மூன்றாம் பம்ப், 40 ரிங்கிட்” என்று தொகையைச் சொல்லிக் கட்டிவிடுங்கள். நாலடி நடந்தால் போதும்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த அன்றே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாள்கள் இதற்குக் கிடையாது.

டோலுக்கும் ரயிலுக்கும் தொடும் டச் அண்ட் கோ கார்டு, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கார்டு. அதில் இருக்கும் பணமும் அதே நிறுவனத்தின் கைப்பேசி வாலட்டில் இருக்கும் பணமும் வேறு வேறு. எல்ஆர்டி ரயில் நிலையக் கதவு முன் நின்று இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

இன்னொன்று: பின் நம்பர் இல்லாமல் 250 ரிங்கிட் வரை கார்டைத் தொட்டே செலவழிக்கலாம். தொலைத்தால் எடுத்தவருக்கும் அதே வசதிதான். வங்கிச் செயலியில் அந்த வரம்பைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். நான் 100-இல் வைத்திருக்கிறேன்.