மாதம் இருமுறை கூடும் குழுவுக்கு வியூக ஆட்டம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில், மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறு மாலைகளில் பலகை ஆட்டங்கள் ஆடுவதற்காக நண்பர்கள் கூடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அலமாரியில் இப்போது பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் ஆறு பெட்டிகள் இரண்டு முறைக்கு மேல் திறக்கப்படவே இல்லை. அந்த ஆறும் மோசமான ஆட்டங்கள் அல்ல; உலகெங்கும் கொண்டாடப்படுபவையும் அவற்றுள் உண்டு. ஆட்டத்தின் பெருமையை விசாரித்த அளவுக்கு, எங்கள் மாடியில் யார் வந்து உட்காருகிறார்கள், எத்தனை பேர், எத்தனை மணிவரை என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை. குழுவின் மிகக் குறைவான ஆட்களும் மிகுந்த களைப்பும் உள்ள மாலையில் எந்த ஆட்டம் தாக்குப்பிடிக்குமோ, அதுவே அந்தக் குழுவுக்கு உரிய ஆட்டம் என்று இன்று நம்புகிறேன்.

நாங்கள் முதலில் வாங்கியது கட்டான். கிளாஸ் டாய்பர் வடிவமைத்து 1995-இல் ஜெர்மனியில் வெளிவந்து, அந்த ஆண்டே அந்நாட்டின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதைப் பெற்றது. அதன் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு மட்டுமே உரியது. ஐந்தாவது, ஆறாவது ஆளுக்குத் தனியாக ஓர் இணைப்புப் பெட்டி வாங்க வேண்டும். நாங்களோ ஐந்து பேர். முதல் மாலையே மருந்துக்கடை அண்ணன் ஓரமாக உட்கார்ந்து மற்ற நால்வரும் செங்கல்லுக்குக் கோதுமை பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவர் வரவில்லை. பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருந்த ஓர் எண்ணை நாங்கள் கவனிக்காததற்கு அவர் ஏன் வருந்த வேண்டும் என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆனால் ‘நாங்கள் ஐந்து பேர்’ என்பதே சரியான கணக்கு அல்ல என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். டெல்டாவில் ஒரு குழுவின் எண்ணிக்கை பருவத்தோடு மாறுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை நடவு தொடங்கியதும் நிலம் வைத்திருக்கும் இருவரும் வரமாட்டார்கள். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றையொன்று நெருக்கும்போதும் அப்படித்தான். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களைச் சேர்த்தால் எட்டுப் பேர். ஆகவே ஐந்து பேருக்கு என்று கணக்கிட்டு வாங்கிய ஆட்டம், ஐந்து பேர் கூடாத நாட்களிலெல்லாம் அலமாரியில்தான் இருக்கும். புதிய பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதமாவது வருகையை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சராசரியைவிட, மிகக் குறைந்த எண்ணும் அடிக்கடி வரும் எண்ணுமே முக்கியம்.

எண்ணிக்கை பொருந்தினாலும், பெட்டியில் ‘2 முதல் 5 பேர்’ என்று போட்டிருந்தால் எல்லா எண்ணிக்கையிலும் ஒரே ஆட்டம் கிடைக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. நிலக்காட்சி வரைந்த ஓடுகளை ஒன்றையொன்று ஒட்டி அடுக்கும் கார்கசோனில் 72 ஓடுகள். அவை தீர்ந்ததும் ஆட்டம் முடியும். இருவர் ஆடினால் ஒவ்வொருவருக்கும் முப்பத்தைந்து வாய்ப்புகளுக்குமேல் கிடைக்கின்றன. ஐவர் ஆடினால் பதினான்கோ பதினைந்தோதான். மொத்த நேரம் ஏறத்தாழ அதேதான், ஆனால் திட்டமிட்டு ஒரு நகரத்தைக் கட்டி முடிக்கும் சுகம் ஐவரில் மிகவும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்க வரைபடத்தில் நகரங்களுக்கு இடையிலான ரயில் தடங்களைக் கைப்பற்றும் டிக்கெட் டு ரைடில் இதற்கு நேர்மாறு. அங்கே இரண்டு நகரங்களுக்கு இடையே சில இடங்களில் இரட்டைத் தடங்கள் உண்டு. இரண்டு அல்லது மூன்று பேர் ஆடும்போது அவற்றில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம், நால்வரோ ஐவரோ என்றால் இரண்டும் திறந்திருக்கும். விதி இப்படி ஈடுகட்ட முயன்றாலும், இருவர் ஆடும்போது அமெரிக்க வரைபடம் தளர்வாகவும், ஐவர் ஆடும்போது தடம் பறிபோகும் பதற்றம் நிறைந்ததாகவும் இருக்கிறது. பலகை ஆட்டங்களுக்கான போர்டுகேம்கீக் இணையதளத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை பேர் ஆடினால் மிகச் சிறப்பு, எத்தனை பேருக்குப் பரிந்துரைக்கலாம் என்று பயனர்கள் தனித்தனியாக வாக்களித்திருப்பார்கள். பெட்டியின் எண்ணைவிட அந்த வாக்குப்பட்டியல் நம்பத்தகுந்தது.

நேரத்தைப் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. பெட்டியில் உள்ள நிமிடக் கணக்கு, விதிகளை அறிந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு உரியது. செவ்வாய்க் கோளை மனிதர் வாழத்தக்கதாக மாற்றும் டெர்ராஃபார்மிங் மார்ஸ் பெட்டியில் 120 நிமிடம் என்று இருந்தது. ஐந்து புதியவர்கள் மாலை ஐந்தரைக்குத் தொடங்கினோம்; எட்டே முக்காலுக்குச் செவ்வாய்க் கோளின் வெப்பநிலை பூஜ்ஜியத்தைக்கூடத் தொடவில்லை; நீடாமங்கலம் பேருந்துக்காக ஒருவர் எழுந்துவிட்டார். அன்று தெரிந்துகொண்ட பாடம் எங்களுக்கு இன்றுவரை உதவுகிறது: நிமிடக் கணக்கைப் பார்ப்பதற்கு முன், ஆட்டம் எப்படி முடிகிறது என்பதைப் பாருங்கள். கார்டுகளால் ஆடும் செவன் வண்டர்ஸில் யுகம் எனப்படும் மூன்று கட்டங்கள், யுகத்துக்கு ஆளுக்கு ஆறு முறை. எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைத் தேர்ந்தெடுப்பதால் மூன்று பேர் ஆடினாலும் ஏழு பேர் ஆடினாலும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. டெர்ராஃபார்மிங் மார்ஸில் வெப்பநிலை, ஆக்சிஜன், கடல்கள் ஆகிய மூன்றும் உச்ச அளவை எட்டினால்தான் ஆட்டம் முடியும். இத்தனை சுற்று என்ற வரம்பு இல்லை. அவற்றை உயர்த்துவதைவிடத் தன் வருமானத்தைப் பெருக்குவதிலேயே எல்லோரும் கவனமாக இருந்தால் இரவு முழுவதும் நீளும். சுற்றுகள் எண்ணப்பட்ட ஆட்டமா, முடிவு ஆடுபவர் கையில் இருக்கும் ஆட்டமா என்ற ஒரே கேள்வி, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் உள்ள குழுவுக்குப் பாதி விடையைத் தந்துவிடும்.

தரவரிசையைப் பார்த்து வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போர்டுகேம்கீக் பட்டியலின் உச்சியில் இருக்கும் ஆட்டங்களுக்கு மதிப்பெண் இட்டவர்கள், பெரும்பாலும் அத்தகைய கனமான ஆட்டங்களைத் தேடிப்போய் ஆடுகிறவர்கள். ஆட்டம் எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்ட அதே தளத்தில் ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோல் ஒன்றும் உண்டு: கட்டான் இரண்டைச் சற்றுத் தாண்டும், டெர்ராஃபார்மிங் மார்ஸ் மூன்றைத் தாண்டும், பிராஸ் பர்மிங்ஹாம் நான்கை ஒட்டி நிற்கும். ஜெர்மன் விருதுகளிலும் இந்த வேறுபாடு தெரியும். ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருது குடும்பங்களுக்கு ஏற்றவற்றை நோக்கியது. சற்றுப் பழகியவர்களுக்காக 2011 முதல் தனி விருது ஒன்று தரப்படுகிறது. தொடங்கும் குழு முதல் விருதின் பட்டியலில் தேடுவது நல்லது.

நண்பரின் தொழிலைப் பார்த்து ஆட்டத்தின் கதைக்களத்தைத் தேர்ந்தெடுப்பதும் தவறுதான். இதில் நான் ஒருவரை நோகடித்திருக்கிறேன். ஊவே ரோசன்பெர்க் 2007-இல் வெளியிட்ட அக்ரிகோலா உழவைப் பற்றிய ஆட்டம். பதினான்கு சுற்றுகளுக்குள் ஆறு அறுவடைகள். ஒவ்வோர் அறுவடையிலும் குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு உணவு தர வேண்டும். தர முடியாத ஒவ்வோர் உணவுக்கும் ஒரு பிச்சை அட்டை, அட்டைக்கு மூன்று புள்ளி இழப்பு. எங்கள் குழுவில் நான்கு வேலி வரை பயிர் செய்கிறவர் ஒருவர் இருப்பதால், அவர் இதை விரும்புவார் என்று நினைத்தேன். அது, அறுக்க நின்ற குறுவை மழையில் சாய்ந்துபோன ஆண்டு. மூன்றாவது அறுவடையில் அவருக்கு இரண்டு பிச்சை அட்டைகள் வந்தன. அவற்றைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பலகையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, “அண்ணே, காலையிலேருந்து இதைத்தானே பார்த்துக்கிட்டு வர்றேன்” என்றார். அதற்குமேல் அன்று யாரும் ஆடவில்லை. பகலெல்லாம் சுமக்கிற கவலையை மாலையிலும் ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது. அந்த நண்பருக்கு இன்று மிகவும் பிடித்தது, வண்ண ஓடுகளைச் சுவரில் பதிக்கும் அசூல்.

ஆடுபவரை நடுவிலேயே வெளியேற்றும் ஆட்டங்களைத் தொடர்ந்து கூடும் குழுவுக்கு வாங்காதீர்கள் என்பேன். படை திரட்டி நாடு பிடிக்கும் ரிஸ்கில் முதலில் தோற்றவர், மற்றவர்கள் முடிக்கும்வரை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மோனோபொலியிலும் இதே நிலைதான். முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவரை இப்படி உட்காரவைப்பது முறையல்ல. டிப்ளமசி வேறு வகையான ஆபத்து. ஆலன் கால்ஹாமர் 1959-இல் வெளியிட்ட அந்த ஆட்டம் ஏழு பேருக்கு உரியது. வாக்குக் கொடுத்து அதை மீறுவதே அதன் உயிர். அறிமுகமற்றவர்களிடையே அது மிகச் சிறந்த ஆட்டம். மாமன் மச்சான் உறவும், கைமாற்றும், அக்கம்பக்கத்து வயலும் உள்ள குழுவில் மேசையில் மீறிய வாக்கு மேசையோடு நிற்பதில்லை.

அப்படியானால் கூட்டுறவு ஆட்டங்களே பாதுகாப்பானவை என்று தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. பாண்டமிக்கில் எல்லோரும் சேர்ந்து நோயை எதிர்க்கிறோம்; நிலைமை எல்லோர் கண்முன்னும் விரிந்து கிடக்கிறது; ஆகவே விரைவாகக் கணக்கிடும் ஒருவர், மற்ற மூவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். எங்கள் குழுவில் அவர் ஒரு கணித ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் மற்றவர்கள் அவர் கை நீட்டிய இடத்தில் காயை வைக்கிறவர்களாகிவிட்டார்கள். இத்தகையவர் இருக்கும் குழுவுக்கு, பேச்சையே விதி கட்டுப்படுத்தும் கூட்டுறவு ஆட்டங்கள் பொருத்தமானவை. தி க்ரூ அவ்வகையானது. அது சீட்டில் பிடி எடுக்கும் முறையில் அமைந்தது. துருப்பு என்றால் என்ன என்று கேட்காமலே எங்கள் ஊர்ச் சீட்டுக்காரர்கள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

மொழியை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. டெர்ராஃபார்மிங் மார்ஸில் 208 திட்டக் கார்டுகள். ஒவ்வொன்றிலும் சிறிய எழுத்தில் ஆங்கில வாசகம். வாசிக்கத் தயங்குகிறவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். தன் கார்டைப் பற்றிக் கேட்டால் கையில் இருப்பது மற்றவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவும் மாட்டார். புரிந்த இரண்டு கார்டுகளை மட்டும் வைத்து ஆடித் தோற்பார். வியூகம் தெரியாமல் தோற்றார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். அசூல், கார்கசோன், ஸ்பிளெண்டர் ஆகியவற்றில் ஆடுவதற்கு வாசிக்க வேண்டிய வாசகமே இல்லை. பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கும் இந்தப் பகுதியில், பல்லாங்குழியும் ஆடுபுலியும் ஆடி வளர்ந்த பெரியவர்களுக்குக் கணக்குப் போடும் கூர்மை குறைவாக இல்லை. அவர்களைத் தடுப்பது அச்செழுத்து மட்டுமே.

இணைப்புப் பெட்டிகளை முதல் வாங்கலிலேயே சேர்த்து வாங்காதீர்கள். மூல ஆட்டத்தைப் பத்து முறையாவது ஆடியபின் குழுவே கேட்டால் வாங்கலாம். ஆட்களின் எண்ணிக்கைக்காக வாங்கும் இணைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கும்போதும் கவனம் தேவை: அக்ரிகோலாவின் முதல் பதிப்பு ஐவர்வரை ஆடக்கூடியது, 2016-இல் வந்த திருத்திய பதிப்பின் அடிப்படைப் பெட்டியில் நால்வர்தான்.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று எங்களிடம் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான பதிப்பகங்கள் விதிநூலை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. பல ஆட்டங்களை போர்டு கேம் அரீனா என்ற இணையதளத்தில் ஆடியும் பார்க்கலாம். ஆட்டத்தைப் பரிந்துரைப்பவர் விதிநூலை முழுவதும் படித்துவிட்டு வந்து, பலகை இல்லாமல், தமிழில், இருபது நிமிடத்துக்குள் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்கி முடித்ததும் அந்த ஆண்டின் நோட்டைப் பிரித்து, மூன்று பேர் மட்டுமே வந்த மாலைகளை எண்ணி, அவற்றில் இதை ஆடியிருப்போமா என்று ஒவ்வொருவரையும் கேட்கிறோம். சென்ற முறை ஐவரில் மூவர் ‘ஆடியிருக்கமாட்டோம்’ என்றார்கள். அந்தப் பெட்டியை வாங்கவில்லை.