கையெழுத்து வாங்கியாச்சே, அப்புறம் என்ன?

சேர்க்கை நடக்கும் மாதங்களில் எங்கள் துறை அலுவலகத்தில் மேஜையே தெரியாது, விண்ணப்பங்கள்தான் தெரியும். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மாணவர் தரும் விவரங்களைக் கல்லூரி எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதுவும் ஆங்கிலத்தில். அதற்குக் கீழே மாணவர் ஒரு கையெழுத்து, அப்பா ஒரு கையெழுத்து. வகுப்பு ஆலோசகராக நானும் அந்த வரியை நம்பித்தான் பல வருடங்கள் ஓட்டினேன். முதல் தவறு அதுதான். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் என்பது வற்புறுத்தல் இல்லாமல், விஷயம் தெரிந்து, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காகத் தருவது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டரிடம் ஃபோனில் ஆலோசனை பெற உதவும் ஒரு செயலி, ஃபோனில் இருக்கும் தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் அந்தச் சம்மதம் மருத்துவ ஆலோசனைக்கு மட்டும்தான் செல்லும், ஏனென்றால் தொடர்பு எண்கள் அதற்குத் தேவையே இல்லை. செயலியின் இடத்தில் கல்லூரியை வைத்துப் பாருங்கள். சேர்க்கைக்காகக் கொடுத்த செல் நம்பர் தனியார் பயிற்சி மையத்துக்கு எப்படிப் போகலாம்? இறுதியாண்டு மாணவர்களுக்கு அங்கிருந்து வரும் அழைப்புகளைக் கேட்டுப் பாருங்கள், அப்பா பெயர் வரை சொல்வார்கள்.

இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். "இன்னும் நாள் இருக்கு சார்" என்பார்கள். இருக்கிறது. ஆனால் பட்டியலை நேற்றே ஒட்டிவிட்டோமே!

அந்தப் பட்டியல் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒட்டியது நான். உதவித்தொகைக்கான எக்செல் தாள்: பெயர், பதிவு எண், பிறந்த தேதி, சாதி, குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு எண். யாரும் விடுபட்டுவிடக் கூடாதே என்று இருந்தபடியே பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன். மதியத்துக்குள் அது படமாகி வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றியது. ஒரு மாணவி வந்து, "சார், எங்க வீட்டு வருமானம் இப்போ ஹாஸ்டலுக்கே தெரியும்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொருவன் வந்தான். அவனுக்கு முன்பே அவன் தேர்வு முடிவை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். முடிவு பார்க்கும் தளம் கேட்பதே பதிவு எண்ணும் பிறந்த தேதியும்தான். பூட்டையும் சாவியையும் ஒரே வரிசையில் அச்சடித்து மாட்டியிருந்தேன்.

பெயரை எடுத்துவிட்டுப் பதிவு எண்ணை மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. போதாது. 60 பேர் வகுப்பில் யார் எண் எது என்று எல்லோருக்கும் தெரியும். சாதி, வருமானம், அரியர், கட்டண பாக்கி போன்றவற்றை அவரவருக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். கூகுள் ஷீட் லிங்க்கைக் குரூப்பில் போட்டு "அவங்கவங்க வரிசையை நிரப்புங்க" என்பதும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் ஒன்றே. ஒருவர் நிரப்புவது மற்றவருக்குத் தெரியாத கூகுள் ஃபார்மாக அனுப்பினால் வேலை முடிந்தது.

ஆதார் நகல் கேட்கிற இடத்தில், 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம், வாங்கலாம். முழு நகல்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்து, பழசானதும் பின்பக்கத்தை ரஃப் பேப்பராக்கும் அலுவலகங்களை நானே பார்த்திருக்கிறேன்.

முதலாண்டில் பாதிப் பேருக்கு 18 ஆகியிருக்காது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். பெற்றோரின் சம்மதம் தேவை. படிப்பு, பாதுகாப்பு சார்ந்த கண்காணிப்புக்கு விதிகளில் கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. மாணவர் படம் போட்டு வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸுக்கு இல்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி வரும் மாணவியிடம் "கடிதம் எழுதி எச்.ஓ.டி. கையெழுத்து வாங்கி வா" என்று அலைக்கழிப்பதும் தவறு. சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் படிக்கவும் வழி தர வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்துபோய், ஹால் டிக்கெட் அச்சடிக்கக்கூடச் சம்மதப் படிவம் நீட்டுகிறவர்களும் உண்டு. முடியாது என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் சம்மதம் கேட்பது வெறும் நாடகம். எதற்காக வாங்குகிறோம் என்று சொன்னாலே அங்கே போதும்.

ஆனால் அதே நாடகத்தை ஆராய்ச்சியின் பெயரில் நாங்கள் நன்றாகவே நடத்துகிறோம். முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்விப் படிவத்தைச் சொந்த வகுப்பிலேயே கொடுத்து, "விருப்பம் இருந்தா நிரப்புங்க" என்போம். சொல்கிறவர் கையில் இன்டர்னல் மார்க் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 ஆராய்ச்சி நெறிமுறைகள் இப்படிப்பட்ட மேல்-கீழ் உறவில் கூடுதல் கவனம் கேட்பது இதனால்தான்.

போன பருவத்தில் சக ஆசிரியர் ஒருவரின் ஆய்வுக்காக என் வகுப்பில் தாள் கொடுத்தபோது, பெயர் எழுதும் இடத்தை எடுத்துவிட்டோம். எழுதினாலும் எழுதாவிட்டாலும் தாளைப் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வராந்தாவில் நின்றேன். 60 தாளில் ஒன்பது வெறுமையாக வந்தன. முன்பெல்லாம் 60-உம் நிரம்பித்தான் வரும்.