இஸ்ரேல்–பாலஸ்தீன நிலப் பூசலின் வேர்களைப் படிப்பது எப்படி?

இந்தப் பூசலைப் பற்றிப் படிக்க முற்படுவோர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு போரிலிருந்து தொடங்குகிறார்கள். 1948இல் தொடங்கினால் ஒரு வரலாறு கிடைக்கும்; 1967இல் தொடங்கினால் வேறொரு வரலாறு கிடைக்கும். இரண்டிலும் உண்மை உண்டு என்றாலும், நிலம் எப்படிக் கைமாறியது என்ற கேள்விக்கு இரண்டிலும் முழு விடை இல்லை. அந்த விடையைத் தேடுபவர் 1858ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள்: நிலம் யார் பெயரில் பதிவாகியிருந்தது? அதை உழுதவர் யார்? அப்பகுதியை ஆண்ட அரசு எது? இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் விவாதங்களில் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

1858இல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட ஒட்டோமான் (துருக்கியப்) பேரரசு ஒரு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, பயிர் நிலங்களில் பெரும்பகுதி ‘மிரி’ என்ற வகையைச் சேர்ந்தது. அந்நிலத்தின் இறுதி உரிமை அரசினுடையது. அனுபவ உரிமை மட்டுமே உழுபவருடையது. பத்து ஆண்டுகள் தகராறின்றிப் பயிரிட்டவர் அவ்வுரிமையைப் பெறலாம். தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தரிசாக விட்டவர் அதை இழக்கலாம். ஊரிலிருந்து தொலைவில் எவரும் பயிரிடாமல் கிடந்த நிலம் ‘மவாத்’ எனப்பட்டது. இந்த வகைகளை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். நூறாண்டுகளுக்குப் பின்னரும் நீதிமன்றங்களில் இவையே பேசப்படும்.

சட்டம் தனிநபர் பெயரில் பதிவு கேட்டது. ஆனால் பல ஊர்கள் நிலத்தைப் பொதுவில் வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை குடும்பங்களுக்குள் பங்கிட்டு உழுது வந்தன. பதிவேட்டில் பெயர் ஏறினால் வரியும் கட்டாயப் படைச்சேர்ப்பும் பின்னால் வருமென்று உழவர்கள் அஞ்சியதால், நிலங்கள் பல நகரத்துப் பெருங்குடும்பங்களின் பெயரில் பதிவாயின. அரசே பெருநிலங்களை வணிகர்களுக்கு விற்றதும் உண்டு. மர்ஜ் இப்னு ஆமிர் எனப்படும் யெஸ்ரயேல் சமவெளியின் பெரும்பகுதி பெய்ரூட்டில் வாழ்ந்த சுர்சோக் குடும்பத்தின் கைக்குப் போனது அப்படித்தான். உழுத குடும்பங்கள் அங்கேயே இருந்தன. ஆனால் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை.

அடுத்து ஐரோப்பாவைப் படிக்க வேண்டும்; அதைத் தவிர்த்துவிட்டால் வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பது விளங்காது. 1881 முதல் ரஷ்யப் பேரரசில் யூதர்கள்மீது நிகழ்ந்த வன்முறைகள் இலட்சக்கணக்கானோரை வெளியேற்றின. அவர்களில் மிகச் சிறிய பகுதியினரே பாலஸ்தீனம் வந்தனர். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தியோடர் ஹெர்ஸல் கூட்டிய முதல் சியோனிச மாநாடு பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைப்பதைக் குறிக்கோளாக அறிவித்தது. அந்நிலத்தோடு யூதர்களுக்கு இருந்த சமயப் பிணைப்பும் தொன்மையான நினைவும் உண்மையானவை. அவற்றைப் புனைவென்று ஒதுக்குபவர் அந்த இயக்கத்தின் ஆற்றலைப் புரிந்துகொள்ளவே முடியாது.

1901இல் தொடங்கப்பட்ட யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்தை மறுபடி விற்பதில்லை என்ற கொள்கையோடு செயல்பட்டது; அந்நிலம் யூதர்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டது. இந்த இடத்தில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். அதற்கு முன்பும் நில உடைமையாளர்கள் மாறியதுண்டு. உடைமையாளர் மாறினாலும் குத்தகை உழவர் பெரும்பாலும் வயலிலேயே இருந்தார். இப்போது விற்பனை நிகழ்ந்தால் உழவர் வெளியேற வேண்டியிருந்தது, ஏனெனில் வாங்கியதன் நோக்கமே புதிய குடியேற்றம். 1910ஐ ஒட்டி அல்-ஃபூலா என்ற ஊரில் இத்தகைய விற்பனையை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தது; 1920களில் சுர்சோக் குடும்பம் சமவெளியின் பெரும்பகுதியை விற்றபோது பல ஊர்கள் காலியாயின. விலை கொடுத்து வாங்கியது சட்டப்படி நிகழ்ந்தது என்பதும், உழுதவர்கள் தம் இசைவின்றி வீடிழந்தார்கள் என்பதும் ஒருசேர உண்மை.

முதல் உலகப் போரில் பாலஸ்தீனம் ஒட்டோமானியரிடமிருந்து பிரிட்டனின் கைக்குப் போனது. அப்போது பிரிட்டன் அளித்த வாக்குறுதிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் போதும்: 1915–16இல் மெக்காவின் ஷெரீப் ஹுசைனுடன் பிரிட்டிஷ் அதிகாரி மெக்மாகன் அரபு விடுதலை குறித்து நடத்திய கடிதப் போக்குவரத்து, ஒட்டோமான் நிலங்களைப் பிரான்சுடன் பங்கிட்டுக்கொள்ளும் 1916இன் சைக்ஸ்–பிக்கோ உடன்பாடு, பாலஸ்தீனத்தில் யூதத் தாயகத்தை ஆதரித்த 1917 நவம்பர் 2ஆம் நாளின் பால்ஃபர் பிரகடனம். ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்தபின் பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றம் பெருகியது. அமெரிக்கா அதற்குமுன் 1924இலேயே தன் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டிருந்தது. 1936–39 அரபுக் கிளர்ச்சியையும், 1937இல் பிரிவினையை முன்மொழிந்த பிரிட்டனின் பீல் ஆணையத்தையும், ஐந்து ஆண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மட்டுமே இடமளித்த 1939 வெள்ளை அறிக்கை என்ற பிரிட்டிஷ் கொள்கை அறிவிப்பையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படியுங்கள். ஐரோப்பிய யூதர்களுக்குத் தஞ்சம் மிகத் தேவைப்பட்ட வேளையில் அந்த வாயில் குறுகியது. அரபு உழவர்களுக்கோ தம் நிலம் கைநழுவிப் போகும் அச்சம் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

எண்களைக் கையாளும்போது மிகுந்த கவனம் தேவை. 1922 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஏழரை இலட்சம் மக்களில் யூதர்கள் சுமார் 84,000 பேர். 1947இல் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். பிரிட்டிஷ் ஆட்சியின் இறுதியில் மொத்தப் பரப்பில் யூதர்களுக்குச் சொந்தமான நிலம் 6 முதல் 7 விழுக்காடுதான். ஆனால் எஞ்சியது முழுவதும் அரபுத் தனியார் பட்டா நிலம் என்று முடிவுகட்டக் கூடாது. நாட்டின் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பான பெயெர்செபா வட்டத்தில், பெதூயின் மக்கள் மேய்த்தும் உழுதும் வந்த நிலம் பெரும்பாலும் பதிவாகாமலே இருந்தது. பதிவில்லாததால் அது எவருக்கும் உரியதல்ல என்று வாதிடுவதும் அதே அளவு தவறு. நிலப்பரப்பு சுருங்கிக்கொண்டே போவதாகக் காட்டும் வரைபட வரிசைகள் கண்ணில் பட்டால், முதல் படம் தனியார் உடைமையைக் காட்டுகிறதா, அடுத்தவை ஆட்சி எல்லையைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். பல வரிசைகள் அவ்விரண்டையும் கலந்தே வரையப்பட்டுள்ளன.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 33க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் பிரிவினைத் தீர்மானத்தை ஏற்றது. யூத நாட்டுக்குச் சுமார் 55 விழுக்காடு பரப்பு ஒதுக்கப்பட்டது. யூதத் தலைமை அதை ஏற்றது. அரபுத் தலைமை மறுத்தது. அதைத் தொடர்ந்த போரின் முடிவில் 78 விழுக்காடு இஸ்ரேலிடம் இருந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் அகதிகளாயினர். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின. ஜெருசலேம் பழைய நகரின் யூதக் குடியிருப்பு மக்களும் வெளியேற்றப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கான யூதர்கள் சொத்துகளை விட்டு வந்து சேர்ந்தார்கள்.

போரைவிட, அதன்பின் வந்த சட்டங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். 1950இன் ‘வராதோர் சொத்துச் சட்டம்’ அகதிகளின் நிலத்தை அரசுக் காப்பாளரிடம் சேர்த்தது. நாட்டுக்குள்ளேயே இருந்து, போரின்போது பக்கத்து ஊருக்குத் தப்பியோடியவர்களில் பலரும் சட்டத்தின் பார்வையில் வராதோராகவே ஆனார்கள். குடியுரிமை இருந்தும் தம் வயலுக்குத் திரும்ப இயலாத நிலை அது. இதனை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1967 போரில் மேற்குக் கரை யோர்தானிடமிருந்து இஸ்ரேலின் கைக்கு வந்தபோது அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கே முறையான பதிவு முடிந்திருந்தது. மறு ஆண்டு ஓர் இராணுவ ஆணை அப்பணியை நிறுத்தியது. மேற்குக் கரையில் எலோன் மோரே என்ற யூதக் குடியேற்றத்துக்காகத் தனியார் நிலம் எடுக்கப்பட்டதை 1979இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதன்பின் அதிகாரிகள் 1858 சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள்: பயிரிடப்படாத, பதிவில்லாத நிலங்கள் ‘அரசு நிலம்’ என அறிவிக்கப்பட்டன, அதை எதிர்ப்பவர்தான் வரி ரசீதுகளையும் சாட்சிகளையும் கொண்டு தம் உழவை நிறுவ வேண்டியிருந்தது.

ஆகவே மேற்குக் கரையில் ஒரு வீடு இடிக்கப்பட்டதாகவோ குடியேற்றம் விரிவதாகவோ செய்தி வந்தால், முதலில் அந்த இடம், இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1995இல் செய்த உடன்பாடு மேற்குக் கரையைப் பிரித்த ஏ, பி, சி பகுதிகளில் எதில் வருகிறது என்று பாருங்கள். ஏறத்தாழ 60 விழுக்காடு பரப்புள்ள சி பகுதியில் கட்டட அனுமதி இஸ்ரேலிய நிர்வாகத்தின் கையில் உள்ளது. பிறகு அந்நிலம் பதிவானதா, அரசு நிலமென அறிவிக்கப்பட்டதா, இராணுவத் தேவைக்கென எடுக்கப்பட்டதா என்று தேடுங்கள். மூன்றுக்கும் சட்ட வழி வேறு, மேல்முறையீட்டு மன்றமும் வேறாக இருக்கலாம்.