சொத்தைப் பல்லை அடைத்தால் இன்சூரன்ஸில் காசு வருமா? பாலிசியில் எங்கே பார்ப்பது

பல் வலி வந்த பிறகுதான் பாலிசியைத் தேடுவோம். நானும் அப்படித்தான். போன ஐப்பசி மழையில் மண்டபத்துக்குப் பஸ்ஸில் போகும்போது கருப்பட்டி மிட்டாய் ஒன்றைக் கடித்தேன், இடது கீழ்க்கடைவாயில் சுருக்கென்று குத்தி வலி காது வரைக்கும் ஏறியது. மறுநாள் ராமநாதபுரத்தில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பினார். அரை மணி நேர வேலை. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினால் ‘புறநோயாளி சிகிச்சை, பாலிசியில் அடங்காது’ என்று ஒரே வரியில் பதில். கோபத்தில் பாலிசியை எடுத்துப் படித்தேன், அவர்கள் எழுதியிருந்தது சரிதான். வாங்கும்போது நான் படிக்கவில்லை.

நம் ஊர் மெடிக்கல் பாலிசிகள் பெரும்பாலும் சொத்தை எவ்வளவு ஆழம் என்று கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தீர்களா, இல்லையென்றால் செய்த சிகிச்சை டே கேர் பட்டியலில், அதாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரே நாளுக்குள் முடிகிற சிகிச்சைகளின் பட்டியலில், இருக்கிறதா, இதைத்தான் கேட்கும். பல் அடைப்பது நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை, அதனால் பெரும்பாலும் இரண்டு கேள்வியிலும் அடிபட்டுப் போகிறது.

அதனால் பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து ‘டென்டல்’ என்று தேடுங்கள். எந்தத் தலைப்பின் கீழே அந்த வார்த்தை வருகிறது என்பதுதான் முக்கியம். விலக்குகள் பகுதியில் வந்தால், பெரும்பாலும் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும்தான் காசு. ஆரோக்ய சஞ்சீவனியை எடுத்துக்கொள்ளுங்கள், 2020-இல் வந்த பொதுவான பாலிசி. அதில் நோயினாலோ காயத்தினாலோ தேவைப்படும் பல் சிகிச்சை உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்து நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள், ஆனால் அந்த வரி ஆஸ்பத்திரிச் செலவு என்ற தலைப்புக்குள் இருக்கிறது, சாதாரண அடைப்புக்கு அது உதவாது.

உதவுவது ஓபிடி கவர்தான், அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் புறநோயாளியாகப் பார்க்கிற செலவுக்கான காப்பீடு. சில பாலிசிகளில் தனியாகக் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், சில கம்பெனிகள் வேலை செய்கிறவர்களுக்குக் குரூப் பாலிசியிலேயே கொடுக்கின்றன. வருஷத்துக்கு எவ்வளவு, அதில் பல்லுக்கு மட்டும் தனி உச்சவரம்பு இருக்கிறதா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள கிளினிக்குக்குத்தான் போக வேண்டுமா, இதையெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் நம் பக்கம் உதைக்கும். பட்டியலில் இருக்கும் கிளினிக் மதுரையில் இருந்தால் பாம்பனில் இருந்து போய்வருகிற செலவும் ஒரு நாள் சம்பளமும் யார் தருவார்கள்? கூடுதல் பிரீமியம் 3,000 ரூபாய், பல்லுக்கு வரம்பு 2,500 ரூபாய் என்றால் அது இன்சூரன்ஸே இல்லை, நம் காசை நாமே சுற்றி வாங்குவது. வெண்மையாக்குவது, கம்பி கட்டுவது, இம்பிளான்ட் இதெல்லாம் வழக்கமாக வராது. ரூட் கேனால் என்கிற பல் வேர்ச் சிகிச்சை சேர்ந்திருந்தாலும் அதன் மேல் போடும் கேப் சேர்ந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஓபிடி கவர் இருந்தும் பில்லால் மாட்டுகிறவர்கள் உண்டு. ‘பல் சிகிச்சை’ என்று மொட்டையாக எழுதின பில் திரும்பி வரும். எந்தப் பல், என்ன நோய், என்ன செய்தார்கள் என்று இருக்க வேண்டும். என் பில்லில் 36 என்று போட்டிருந்தது, ரூபாயோ என்று பயந்தே போனேன். 3 என்றால் இடது கீழ்ப்பக்கம், 6 என்றால் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். முன் பல்லை அடைத்திருந்தால் சொத்தைக்காகத்தான் என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அழகுக்குச் செய்தது என்று தள்ளிவிடலாம். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, டாக்டரின் பதிவு எண், மூன்றும் வேண்டும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் கயிறு அடித்துப் பல் உடைந்தால் கதை வேறு, அது விபத்து. எப்படி அடிபட்டது என்பது ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் நாளே ஏற வேண்டும். மீனவர்களுக்கான மத்திய அரசுக் குழு விபத்துக் காப்பீட்டில் விபத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செலவுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு, சொத்தைக்கு ஒன்றும் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் 5 லட்சம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது அறுவை சிகிச்சை மாதிரி பெரிய செலவுகளுக்கு, அடைப்புக்கு நீட்ட முடியாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் ஆகிறவர்கள் முதலில் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் கேளுங்கள், பல் சிகிச்சையும் அதில் சேர்ந்ததுதான். கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவில் இருந்து லீவுக்கு வருகிற மச்சான்களுக்கு ஒன்று: அங்கே கொடுத்த கார்டு இங்கே செல்லுமா என்று விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள், செல்லாது என்றால் அங்கேயே அடைத்துக்கொண்டு வாருங்கள்.

பாலிசியில் இருந்தும் மறுத்தால், கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனுக்கு, அதாவது காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரிக்கு, போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். புதுப் பாலிசி பிடிக்கவில்லை என்றால் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்போது எனக்கு மேல்வரிசையில் ஒரு பல்லில் கறுப்புக் கோடு தெரிகிறது, வலி இல்லை. ஓபிடி கவருக்கு விலை கேட்டுப் பார்த்தேன், காத்திருப்புக் காலம் முடிவதற்குள் சொத்தை நரம்பைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. திங்கட்கிழமை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போட்டுப் பல் பிரிவில் காட்டப் போகிறேன்.