வளைந்த முதுகும் இடுப்புக் குடமும்

ஸ்கோலியோசிஸ் என்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. வளர்ந்தவர்களுக்கு அந்த வளைவு பயிற்சியால் நிமிராது, வலிதான் குறையும். எனக்கும் அப்படித்தான்.

எக்ஸ்ரேயை நின்றபடி எடுங்கள். படுத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். வளைவு எத்தனை டிகிரி என்று சொல்லும் காப் கோணத்தை அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின் ஆகும். 24 டிகிரி 27 ஆனதும் பதறாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது மூச்சுப் பயிற்சி. கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்வாங்கிய பக்க விலாவில் கை வைத்து, அந்தக் கையை வெளியே தள்ளுவதுபோல் மூச்சிழுத்து மெல்ல விட வேண்டும். காலை 10, மாலை 10. தோள் தூக்கினால் பலனில்லை. மேல்வளைவும் கீழ்வளைவும் எதிரெதிராக இருக்கலாம், அதனால் எந்தப் பக்கம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டே தொடங்குங்கள்.

மதுரையில் லாரித் தண்ணீரை ஒரே இடுப்பில் குடமாகச் சுமந்ததுதான் வலியைக் கிளப்பியது. இப்போது இரண்டு கையிலும் அரை வாளி.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.