மாடு வளர்த்த வீட்டின் கண்கொண்டு சிங்கப்பூரில் பாலும் இறைச்சியும் வாங்கும் முறை

சிங்கப்பூரில் நாம் உண்பவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வெளிநாடுகளிலிருந்து வருகின்றன. ஆடு மேய்ந்த நிலத்தையோ பசு கட்டப்பட்ட கொட்டகையையோ வாங்குபவர் பார்க்க வழியில்லை. உறையில் அச்சிட்டிருப்பதும் கடைக்காரர் சொல்வதும்தான் கைக்குக் கிடைக்கும் சான்றுகள். காங்கேயம் பக்கம், கிளுவை வேலி சூழ்ந்து கொழுக்கட்டைப்புல் வளர்ந்த கொறங்காட்டில் மாடும் ஆடும் மேய்த்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். இக்காலப் பண்ணை முறை முழுவதையும் நஞ்சென்று ஒதுக்குபவர்களோடும், ‘இயற்கை’ என்று எழுதியிருந்தாலே இரட்டிப்பு விலை கொடுப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த உயிர் என்ன தின்றது, எந்த வயதில் அறுக்கப்பட்டது, அறுத்த பின் எப்படிப்பட்ட குளிரில் வந்து சேர்ந்தது என்பவையே கேட்க வேண்டியவை.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கும் வழக்கம் இல்லை; ஆகவே ஆட்டிறைச்சியிலிருந்து தொடங்குகிறேன். தேக்கா சந்தைக்குப் போனால் முதலில் வெள்ளாடா செம்மறியா என்று கேளுங்கள். அடுத்து வயதைக் கேளுங்கள். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வது எங்கள் ஊர்ச் சந்தை வழக்கம். பால்பல் விழுந்து முதல் இணைப் பல் வந்துவிட்டால் அதற்குக் குட்டிக்குரிய விலை கிடையாது. வியப்பு என்னவென்றால், ஆஸ்திரேலியாவும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் சட்டமாக வைத்திருக்கிறது: 12 மாதத்துக்கு உட்பட்டதாகவோ, பால்பல்லுக்குப் பின் வரும் நிலைத்த முன்பல் வளர்ந்து பயன்பாட்டுக்கு வராததாகவோ இருக்கும் செம்மறியை மட்டுமே ‘லேம்ப்’ (lamb, குட்டி) என்று விற்கலாம் என்ற வரையறை அங்கு 2019 ஜூலையில் நடப்புக்கு வந்தது. ‘மட்டன்’ என்று ஆஸ்திரேலிய உறையில் இருந்தால் அது பல் போட்ட ஆடு. அதைத் தாழ்ந்த சரக்கென்று எண்ண வேண்டாம். எலும்போடு நெடுநேரம் வேகும் குழம்புக்கு அதுதான் சுவை தரும், வறுவலுக்கும் விரைவாக வேக வேண்டிய பிரியாணிக்கும் குட்டியே ஏற்றது.

காற்று நீக்கிய உறையிலுள்ள இறைச்சி கருஞ்சிவப்பாக, சற்று ஊதாவாகத் தெரிந்தால் கெட்டுவிட்டதென்று திருப்பி வைக்காதீர்கள். உள்ளே உயிர்வாயு இல்லாததால் வரும் நிறம் அது. உறையைப் பிரித்துச் சிறிது நேரம் வைத்தால் சிவந்துவிடும். பிரித்த பிறகும் நீங்காத புளித்த வாடையும் பிசுபிசுப்பும்தான் கெட்டுப்போனதன் அடையாளம். உறைந்த இறைச்சியைக் குறைவாக மதிப்பதும் தேவையற்றது. 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, உறைந்த கோழியைச் சமைக்கப் பழகியிருந்த வீடுகள் அதிகம் தடுமாறவில்லை. முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சமையல் மேடையில் வைத்து உருக்கினால், நடுப்பகுதி இளகுமுன் வெளிப்பகுதியில் கிருமி பெருகிவிடும்.

பாலில் விளம்பரச் சொற்கள் அதிகம் என்பதால் உறையின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். சேர்பொருள்கள் எடைவாரியாக இறங்கு வரிசையில் இருக்கும். முதலில் தண்ணீரும் அடுத்துப் பால்மாவும் இருந்தால் அது கரைத்துச் செய்த பால். தேநீருக்கு ஊற்றும் இனிப்புக் ‘கிரீமர்’ டப்பாவில் செம்பனை எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். 72 பாகையில் 15 விநாடி காய்ச்சிக் குளிரில் வைத்து விற்கும் பாலுக்கும், 135 பாகைக்கு மேல் சில விநாடி சூடேற்றி வெளியிலேயே அடுக்கி வைக்கும் பாலுக்கும் சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பின்னதில் தயிர் சற்றுத் தளர்வாகத் தோயும், அவ்வளவுதான்.

பானங்களின் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் கணக்கிட்டு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரமிடும் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் குறியீட்டில் முழுக் கொழுப்புப் பாலுக்கு ‘சி’ கிடைப்பதைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அந்தக் கணக்கில் சேர்வதில்லை. நிறைவுற்ற கொழுப்பே அந்த எழுத்துக்குக் காரணம். சர்க்கரையால் ‘சி’ வாங்கிய குளிர்பானத்தோடு அதைச் சமமாக எண்ண வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் கொழுப்பு நீக்கியதை வாங்குங்கள். ‘ஏ2’ என்ற வகைக் கேசீன் புரதம் மட்டும் உள்ள பாலைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் இந்திய நாட்டு மாடுகள் பெரும்பாலும் அந்த வகைப் புரதத்தையே தருகின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்புரதத்தின் மற்றொரு வகையான ‘ஏ1’ உள்ள பால் நோய் தரும் என்பதற்குக் காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் முடிவு சொன்னது. லாக்டோஸ் ஒவ்வாதவருக்கு இரண்டும் ஒன்றே. பால் மஞ்சளாக இருப்பதும் தூய்மைக்கு அளவுகோல் ஆகாது: பச்சைப்புல் தின்ற பசுவின் பாலில் மஞ்சள் தெரியும், எருமையும் ஆடும் புல்லிலுள்ள அந்த மஞ்சள் நிறமியை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் அவற்றின் பால் எப்போதும் வெண்மை.

‘ஹார்மோன் இல்லாத கோழி’ என்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வணிகப் பண்ணைக் கோழி விரைந்து வளர்வது இனத்தேர்வாலும் தீனியாலும்தான். மாட்டிறைச்சி உண்பவர்களுக்கோ அதே வாசகம் பொருளுடையது. ஆஸ்திரேலியாவில் வளர்ச்சி ஹார்மோன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. மருந்தைப் பொறுத்தவரை, மடிநோய் கண்ட பசுவுக்கு மருந்து கொடுக்காமல் விடுவது கொடுமை. கொடுத்த பின் குறிப்பிட்ட நாள்வரை அதன் பாலை விற்காமல் கொட்டுகிறார்களா என்பதே நல்ல பண்ணைக்கு அடையாளம்.

முட்டைக்கு மட்டும் உள்ளூர்ப் பண்ணையையே பரிந்துரைப்பேன்; பயண நாள்கள் மிச்சமாகும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தையும் மஞ்சள் கருவின் நிறம் தீனியையும் காட்டுமே தவிரச் சத்தைக் காட்டுவதில்லை. பெட்டியைத் திறந்து விரிசல் இல்லையென்று பார்த்து, தேதி தள்ளி இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.