சேலத்தில் இருந்தபடி வங்கக்கடல் தரவை எடுத்துப் பகிர்வது எப்படி?

கடலே இல்லாத ஊரில் கடல் தரவு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் (தானாகக் கடலை அளக்கும் கருவிகள்) இருக்கின்றன. பெரும்பாலானவை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போகும். 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, மேலே ஏறும்போது வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஏற்காட்டைக் கடலில் தலைகீழாகக் கவிழ்த்தாலும் உச்சி அந்த 2,000 மீட்டரைத் தொடாது. தரவு எல்லோருக்கும் இலவசம். இந்திய மிதவைகளின் தரவை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கையாள்கிறது.

படி 1: ஆர்கோ தரவுத் தளத்தில் வங்கக்கடலில் உள்ள ஒரு மிதவையின் 7 இலக்க எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்பை இறக்குங்கள். நாசாவின் இலவச மென்பொருள் பனோப்ளி அதைத் திறக்கும்.

படி 2: மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். அதில் கை வைக்கவே கூடாது. வேலையெல்லாம் நகலில்தான்.

படி 3: அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஒரு தரக் குறி இருக்கும்: 1 என்றால் நல்லது, 2 என்றால் அநேகமாக நல்லது, 4 என்றால் கெட்டது, 9 என்றால் அளவே இல்லை. இல்லாத இடத்தில் 99999 நிரப்பியிருப்பார்கள். அது தெரியாமல் நாங்கள் முதல்முறை சராசரி போட்டோம். 34-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய உப்பு 134 வந்தது! ஆயிரம் வரிகளில் ஒரே ஒரு 99999 செய்த வேலை. சராசரிக்கு முன்பு 1, 2 குறி உள்ள அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

படி 4: மிஞ்சிய அளவுகளை கூகுள் ஷீட்டில் ஏற்றி, லிங்க்கை மட்டும் பகிருங்கள். வாட்ஸ்அப்பில் ஃபைலாக அனுப்பினால் ஆளுக்கொரு நகல் கிளம்பிவிடும். தலைப்பில் அலகையும் எழுதுங்கள். ஆழத்துக்குப் பதில் அழுத்தம்தான் டெசிபாரில் இருக்கும், தோராயமாக ஒரு டெசிபார் ஒரு மீட்டர். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் போடுங்கள். நேரம் உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு 5.30 மணி கூட்ட வேண்டும்.

படி 5: முதல் தாளில் மிதவை எண், யார் என்ன மாற்றினார்கள், இறக்கிய தேதி. தேதி ஏன் என்றால், கோப்புப் பெயர் 'ஆர்' (R) என்று தொடங்கினால் அது உடனடித் தரவு. நிபுணர்கள் சரிபார்த்த பிறகு அதே அளவீடு 'டி' (D) என்று தொடங்கும் பெயரில் வரும், உப்பு எண்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம்.